யார் வீட்டில் ஆட்டம்?

மார்ச் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. ஒஹாயோவில் என் மகள் வீடு. வெளியே பனி பாதி உருகிச் சேறும் சகதியுமாகக் கிடந்தது. பகல் சாப்பாட்டுத் தட்டைக்கூட எடுக்காமல் நான், என் மனைவி, மகள் மூவரும் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்திருந்தோம். எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட்டுக்குக் காத்திருந்த நாள்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

பேத்தி அங்கே ஒரு சின்னக் கல்லூரியில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். கல்லூரியின் கூடைப்பந்து அணியில் நான்கு வருடமாக ஆடுகிறவள். கல்லூரி மகள் வீட்டிலிருந்து காரில் நாற்பது நிமிடம். அந்தக் குளிர்காலம் முழுவதும் நாங்கள் அங்கேதான் இருந்தோம். அவர்கள் ஊரில் நடந்த ஆட்டம் ஒன்றையும் விடவில்லை. என் மனைவிக்கு இரண்டு முழங்காலிலும் வலி. படி ஏற முடியாது என்று வாசலுக்குப் பக்கத்திலேயே முதல் வரிசையில் அவளுக்கு ஓர் இடம் பிடித்து வைத்துவிடுவார்கள். டிக்கெட் கிழிக்கும் பையனுக்குக்கூட "பாட்டி" என்ற சொல் பழகிவிட்டது.

அன்று தேசியப் போட்டிக்குத் தேர்வான அணிகளின் பட்டியல் வெளியாகும் நாள். எங்கள் கல்லூரியின் பெயர் வந்தது. கை தட்டினோம். அடுத்த வரியில் ஆட்டம் நடக்கும் இடம் வந்தது. அது எங்கள் ஊர் இல்லை. பக்கத்து மாநிலத்தில், பஸ்ஸில் ஆறு மணி நேரத் தூரத்தில் இருக்கும் வேறொரு கல்லூரி. அந்தக் கல்லூரி அணியைவிட எங்கள் அணிதான் தரவரிசையில் மேலே இருந்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. உடனே பேத்திக்குப் போன் போட்டேன்.

"என்னம்மா இது அநியாயம்? நாலு டீமில் நீங்கதானே முதல்? நீங்க எதுக்கு அவங்க ஊருக்குப் போகணும்?"

அவள் சிரித்தாள். "தாத்தா, இந்த வருஷம் பாய்ஸ் டர்ன். பாய்ஸ் டீமும் செலக்ட் ஆகியிருக்கு. ஃபர்ஸ்ட் வீக் ஜிம் அவங்களுக்கு. சீசன் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாலேயே இது எங்களுக்குத் தெரியும். ஒரு லிங்க் அனுப்பறேன், படிங்க. எல்லாம் ரூல்ஸ்தான். உங்களுக்குப் பிடிக்கும்."

என்னை நன்றாகத் தெரிந்தவள். முப்பது வருடத்துக்கு மேல் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவனுக்கு விதிப் புத்தகத்தைக் காட்டினால் கோபம் அடங்கிவிடும் என்பது அவளுக்குத் தெரியும். அன்று இரவு அந்தக் கையேட்டை உட்கார்ந்து படித்தேன். பிறகு மகளிடமும் பேத்தியிடமும் கேட்டுக் கேட்டு மீதியையும் தெரிந்துகொண்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். கூடைப்பந்து தெரியாதவர்களும் பயப்பட வேண்டாம். இது பந்தைப் பற்றிய விஷயம் இல்லை, இடத்தைப் பற்றியது.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை என்.சி.ஏ.ஏ. என்ற பெரிய சங்கம் நடத்துகிறது. 1973-ல் அது தன் கல்லூரிகளை மூன்று பிரிவாகப் பிரித்தது. தொலைக்காட்சியில் பார்க்கிற பெரிய அரங்கம், கோடிக்கணக்கான பணம் எல்லாம் முதல் பிரிவு. என் பேத்தியின் கல்லூரி மூன்றாம் பிரிவு. டிவிஷன் த்ரீ என்பார்கள். 400-க்கும் மேற்பட்ட கல்லூரிகள் அதில் உண்டு. எண்ணிக்கையில் மூன்றிலும் அதுதான் பெரியது. ஆனால் விளையாடுகிறான் என்பதற்காக ஒரு மாணவனுக்கும் உதவித்தொகை கிடையாது. படிக்க வந்தவர்கள் மாலையில் ஆடுகிறார்கள், அவ்வளவுதான். ஆயிரம் பேர்கூடப் படிக்காத கல்லூரியும் அங்கே இருக்கிறது. எம்.ஐ.டி., சிகாகோ பல்கலைக்கழகம் போன்ற உலகம் அறிந்த இடங்களும் இருக்கின்றன.

பணத்தில் மட்டும் கடைசி இடம். சங்கத்தின் வருமானத்தில் மூன்றாம் பிரிவுக்கு உறுதியளிக்கப்பட்ட பங்கு 3.18 சதவீதம். நூறு ரூபாயில் மூன்று ரூபாய் பதினெட்டு காசு. அதிலும் முக்கால் பங்கைத் தேசியப் போட்டிகளுக்கென்று ஒதுக்குகிறார்கள். கூடைப்பந்து மட்டும் இல்லை, நீச்சல், ஓட்டம், கால்பந்து என்று ஆண்களுக்கும் பெண்களுக்குமாக எல்லாப் போட்டிகளும் இந்தப் பணத்தில்தான் நடக்க வேண்டும். அணிகளின் பயணச் செலவையும் தினப்படியையும் சங்கமே தருகிறது. பட்ஜெட் பார்த்துக் கோப்பு நகர்த்தியவர்களுக்கு மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கே ஆட்டம் என்ற கேள்விக்குள் எத்தனை பேர், எவ்வளவு தூரம், எதில் வருவார்கள் என்ற கேள்வியும் ஒளிந்திருக்கிறது.

போட்டியின் அமைப்பு இது. ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என்று இரண்டு போட்டிகள். ஒவ்வொன்றிலும் 64 அணிகள். முதல் வார இறுதியில் 16 ஊர்களில், ஊருக்கு நான்கு அணிகள் கூடும். வெள்ளிக்கிழமை இரண்டு ஆட்டம். வென்ற இரண்டு அணிகளும் சனிக்கிழமை மோதும். இரண்டே நாளில் 64 அணி 16 ஆகிவிடும். அடுத்த வாரம் அதே முறையில் நான்கு ஊர்களில் நான்கு நான்கு அணிகள். அதோடு 16 நான்காகும். நான்கு அணிகளை ஒரே இடத்தில் கூட்டினால் ஒரே அரங்கம், ஒரே நடுவர் குழு, ஒரே கணக்கு. சிக்கனம்.

கடைசிச் சுற்று நடக்கும் ஊரைப் பல வருடம் முன்பே விண்ணப்பம் வாங்கித் தீர்மானித்துவிடுகிறார்கள். ஆண்களின் இறுதிப் போட்டி 1996 முதல் 2018 வரை, 2013-ம் ஆண்டு நீங்கலாக, வர்ஜீனியாவில் உள்ள சேலத்தில் நடந்தது. நம்ம சேலம் இல்லை. சுமார் 25,000 பேர் வாழும் சிறிய ஊர். 2019-ல் இந்தியானா மாநிலத்தின் ஃபோர்ட் வேய்னுக்கு மாறியது. இப்படிப்பட்ட ஊர்களில் ஓட்டல்காரர், நகரசபை, தொண்டர்கள் எல்லோரும் வருடாவருடம் பழகிவிடுகிறார்கள். நம் ஊரில் தேர்த் திருவிழா மாதிரி, யார் எந்த வடத்தைப் பிடிக்க வேண்டும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

முதல் இரண்டு வாரச் சுற்றுகளின் கதை வேறு. அந்த ஊர்கள் முன்பே தீர்மானிக்கப்பட்டவை அல்ல. எந்த அணிகள் தேர்வாகின்றன என்று தெரிந்த பிறகுதான் இடமும் தெரியும். திங்கட்கிழமை பகலில் அறிவிப்பு, வெள்ளிக்கிழமை ஆட்டம். நடுவில் மூன்றே முழு நாள். அதற்குள் மற்ற மூன்று அணிகளுக்குத் தங்கும் இடம், பயிற்சிக்கு நேரம், உடை மாற்ற அறை, மருத்துவ உதவி, டிக்கெட் விற்பனை, நேரடி ஒளிபரப்பு எல்லாம் தயாராக வேண்டும். அதனால் நம்பிக்கை உள்ள கல்லூரிகள் முன்கூட்டியே விண்ணப்பம் போட்டு வைக்கின்றன. எங்கள் அரங்கில் இத்தனை இருக்கை, பக்கத்தில் இத்தனை ஓட்டல் அறை, இவ்வளவு செலவாகும் என்று மதிப்பீட்டோடு தர வேண்டும். தேர்வானால் நடத்த வேண்டும். தேர்வாகாவிட்டால் அந்த விண்ணப்பத்தைக் கிழித்துப் போட வேண்டியதுதான்.

விண்ணப்பங்களிலிருந்து தேர்ந்தெடுப்பது எப்படி? நல்ல தரவரிசை முக்கியம். அது மட்டும் போதாது. அரங்கம் தகுதியானதா, அந்த நாட்களில் காலியாக இருக்கிறதா, டிக்கெட் வருமானம் வருமா என்றெல்லாம் பார்ப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேல் தூரம். நான் படித்த விதிப்படி 500 மைலுக்குள் இருக்கும் அணி பஸ்ஸில்தான் வர வேண்டும். அதற்கு மேல் போனால் விமானம். 500 மைல் என்றால் நம் கணக்கில் சுமார் 800 கிலோமீட்டர். ஒரு அணியை விமானத்தில் ஏற்றுகிற செலவில் பல அணிகளைப் பஸ்ஸில் ஏற்றிவிடலாம். ஆகவே விமானத்தின் எண்ணிக்கை குறைகிற மாதிரி நான்கு நான்காகக் கட்டுகிறார்கள். முதல் தர அணியின் ஊரில் நடத்தினால் இரண்டு அணி பறந்து வர வேண்டும், இரண்டாவது அணியின் ஊரில் நடத்தினால் எல்லோரும் பஸ்ஸில் வரலாம் என்றால், இரண்டாவது ஊருக்கு வாய்ப்பு போய்விடலாம்.

இதில் அடிபடுகிறவர்கள் ஓரத்தில் இருப்பவர்கள். பென்சில்வேனியா, நியூயார்க், ஒஹாயோ, விஸ்கான்சின் பக்கம் கல்லூரிகள் நெருக்கமாக இருக்கின்றன. யாரை யாரோடு வேண்டுமானாலும் சேர்க்கலாம். டெக்சாஸிலும் பசிபிக் கரையிலும் அப்படி இல்லை. அங்கே நல்ல அணிகள் இரண்டு இருந்தால், பக்கத்தில் வேறு ஆள் இல்லாததால் முதல் வாரத்திலேயே ஒன்றோடு ஒன்று மோத வைத்துவிடுகிறார்கள். கடைசிச் சுற்றில் சந்திக்க வேண்டியவர்கள் முதல் நாளே சந்தித்து ஒருவர் வீட்டுக்குப் போக வேண்டும். அவர்கள் வருடாவருடம் குறைப்பட்டுக்கொள்வது நியாயம்தான்.

தூரம் தவிர மனிதர்களின் நம்பிக்கையும் கணக்கில் வரும். நியூயார்க்கில் யெஷிவா என்ற யூதப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அவர்களுக்கு வெள்ளிக்கிழமை சூரியன் மறைந்ததிலிருந்து சனிக்கிழமை இரவு வரை ஓய்வு நாள். பந்தைத் தொடமாட்டார்கள். 2020 மார்ச்சில் அவர்கள் தேர்வாகி பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆட வந்தார்கள். அவர்களுக்காக வெள்ளிக்கிழமை ஆட்டத்தைப் பிற்பகலிலேயே வைத்தார்கள். சனிக்கிழமை ஆட்டம் இருட்டிய பிறகு. அது கொரோனா வந்துகொண்டிருந்த வாரம். யெஷிவா மாணவர் ஒருவருக்குத் தொற்று என்று தெரிந்திருந்த நேரம். பார்வையாளர் ஒருவரும் இல்லாமல் காலி அரங்கில் ஆட்டத்தை நடத்தினார்கள். யெஷிவா இரண்டு ஆட்டத்திலும் வென்றது. அடுத்த வாரம் ஆடுவதற்குள், மார்ச் 12-ம் தேதி, போட்டி முழுவதுமே ரத்தாகிவிட்டது. பட்டியலைத் தயாரிக்கிறவர்கள் எத்தனை யோசித்தாலும், அவர்கள் யோசிக்காத ஒன்று வாசலில் வந்து நிற்கும்.

இப்போது எங்கள் வழக்குக்கு வருகிறேன். சின்னக் கல்லூரியில் அரங்கம் ஒன்றுதான். ஆண்கள் அணியும் பெண்கள் அணியும் ஒரே வாரத்தில் போட்டி நடத்தத் தகுதி பெற்றால் என்ன செய்வது? ஒரே வெள்ளிக்கிழமை மாலையில் எட்டு அணிகளை ஒரே மரத் தரையில் ஆட வைக்க முடியாது. இதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார்கள். ஒரு வருடம் முதல் வாரத்தில் ஆண்களுக்கு முன்னுரிமை, இரண்டாம் வாரத்தில் பெண்களுக்கு. அடுத்த வருடம் அப்படியே திருப்பி. இது கையேட்டில் அச்சிட்டு இருக்கிறது. யார் நன்றாக ஆடுகிறார்கள், யாருக்குக் கூட்டம் அதிகம், யார் முதல்வருக்கு வேண்டியவர் என்ற பேச்சே இல்லை.

படித்ததும் எனக்கு எங்கள் அலுவலக ரோஸ்டர் பதிவேடு நினைவுக்கு வந்தது. முறைப்படி யார் வரிசை வருகிறதோ அவர்தான். எழுத்தனுக்குப் பிடித்த ஏற்பாடு. நல்ல விதி என்றே என் மனம் சொன்னது. ஆனால் என் மனைவியிடம் அந்த விதியை விளக்கியபோது அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அடுத்த வருஷம் பொண்ணுங்க டர்ன் வரும்போது இவ அங்க இருப்பாளா?"

எனக்குப் பதில் இல்லை. கல்லூரிக்கு அடுத்த வருடம் உண்டு. கடைசி வருடம் படிக்கிறவளுக்கு அடுத்த வருடம் கிடையாது.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் நானும் மகளும் மருமகனும் காரில் கிளம்பினோம். ஆறு மணி நேரம் முழங்காலை மடக்கி உட்கார என் மனைவியால் முடியாது. அவளை வீட்டில் விட்டுவிட்டு, மடிக்கணினியில் ஒளிபரப்பு வருகிற மாதிரி மகள் எல்லாம் அமைத்துக் கொடுத்தாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. தயிர்சாதமும் எலுமிச்சை ஊறுகாயும் கட்டி, பேத்திக்கென்று தனியாக முறுக்கும் பொட்டலம் போட்டுக் கொடுத்தாள். நான் செருப்பு மாட்டும்போது, "நல்லா ஆடச் சொன்னேன்னு சொல்லுங்க" என்றாள்.

பிரெஞ்சு வழியில் புதுச்சேரியில் படித்தவன் நான். பள்ளியில் விளையாட்டுச் செய்தி வாசிக்கும்போது, ஓர் அணி தன் சொந்த ஊரில் ஆடுவதை 'ரெசவ்வார்' என்பார்கள். வரவேற்பது, ஏற்றுக்கொள்வது என்று பொருள். இன்னொரு விநோதம், விருந்து கொடுப்பவருக்கும் விருந்தாளிக்கும் பிரெஞ்சில் ஒரே சொல்தான், 'ஓத்'. யார் யாரைச் சொல்கிறார்கள் என்பதை இடம் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். சின்ன வயதில் இது என்ன குழப்பமான மொழி என்று நினைத்தேன். அந்த அரங்கின் வாசலில் நின்றபோது அது குழப்பம் இல்லை என்று பட்டது.

பனி பெய்துகொண்டிருந்தது. வாசலில் வயதான தொண்டர் ஒருவர் ஒவ்வொருவரின் குடையையும் வாங்கி ஓரமாக வைத்துக்கொண்டிருந்தார். பேத்தி பிறகு சொன்னாள், உடை மாற்றும் அறையில் ஒவ்வொரு பெண்ணின் பெயரையும் எழுதி ஒட்டி, வாழைப்பழமும் தண்ணீர் பாட்டிலும் வைத்திருந்தார்களாம். அவளுடைய பெயரை எழுத்துப் பிழை இல்லாமல் எழுதியிருந்தது அவளுக்கு ஆச்சரியம். எல்லா அணிக்கும் பயிற்சிக்குச் சரிசமமாக நேரம். ஒலிபெருக்கியில் பேசுகிறவர் தங்கள் அணிக்கு ஒரு குரல், வந்த அணிக்கு ஒரு குரல் என்று பேசக்கூடாது. ஊதல், மேளம் போன்றவற்றைப் பார்வையாளர்கள் உள்ளே கொண்டுவரக் கூடாது. சொந்த ஊர் என்கிற சாதகத்தை எங்கெல்லாம் குறைக்க முடியுமோ அங்கெல்லாம் விதி போட்டுக் குறைத்திருக்கிறார்கள்.

குறைக்க முடியாதது ஒன்றும் இருக்கிறது. அது உட்கார்ந்திருக்கும் ஆட்கள். எங்கள் பக்கம் முப்பது பேர் இருந்திருப்போம். எதிரே அரங்கம் நிறைய அவர்கள் ஊர் ஆட்கள். அவர்கள் பெண் ஒருத்தி பந்தைப் போட்டால் கூரை அதிரும். எங்கள் பெண் போட்டால் எங்கள் முப்பது பேரின் கைதட்டல் கேட்கும், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் எங்கள் பெண்கள் சுலபமாக வென்றார்கள். சனிக்கிழமை அந்த ஊர் அணியோடு. கடைசி நிமிடம் வரை மாறி மாறி வந்தது. பேத்திக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தது. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அவள் நின்றபோது, நான் என்னையறியாமல் வாசல் பக்கம் முதல் வரிசையைத் திரும்பிப் பார்த்தேன். அங்கே வேறு யாரோ ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய பேத்தியும் அந்தத் தரையில் நின்றிருப்பாள். எங்கள் பேத்தி இரண்டையும் தவறவிட்டாள். மூன்று புள்ளியில் தோற்றோம். வென்றிருந்தால் அடுத்த வாரம் பெண்களுக்கு முன்னுரிமை. எங்கள் ஊரிலேயே நடந்திருக்கலாம்.

ஆட்டம் முடிந்து நெடுநேரம் கழித்து அவள் வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது. முறுக்குப் பொட்டலத்தைக் கொடுத்தேன். என்ன பேசுவது என்று தெரியாமல், "நம்ம ஊர்ல நடந்திருந்தா ஜெயிச்சிருப்பீங்கம்மா" என்றேன்.

"இருக்கலாம் தாத்தா. ஆனா அதுக்கு நாங்க யாரும் அழலை. ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான். முன்னால எங்க டர்ன் வந்தப்போ பாய்ஸ்தான் பஸ் ஏறினாங்க. நான் அழறது அந்த ரெண்டு ஃப்ரீ த்ரோவுக்கு. நானூறு தடவை ப்ராக்டிஸ்ல போட்டிருக்கேன்."

திரும்பி வரும் வழியில் மகளும் மருமகனும் மாறி மாறிக் கார் ஓட்டினார்கள். நான் பின்சீட்டில் தூங்காமல் இருந்தேன். எனக்கு மாஹே ஞாபகமாகவே இருந்தது.

புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம் நான்கு துண்டு என்பது உங்களுக்குத் தெரியும். புதுச்சேரி, அங்கிருந்து சுமார் 130 கிலோமீட்டரில் காரைக்கால், 600 கிலோமீட்டருக்கு மேல் தள்ளிக் கேரளக் கரையில் மாஹே, 800 கிலோமீட்டருக்கு மேல் போனால் ஆந்திரத்தில் ஏனாம். அமெரிக்காக்காரனின் 500 மைல் எங்கள் சின்னப் பிரதேசத்துக்குள்ளேயே அடங்கிவிடும்! எண்பதுகளில் சில வருடம், நான்கு பகுதிப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் சேர்த்து நடந்த விளையாட்டுப் போட்டிகளின் கோப்பு என் மேசையில் இருந்தது. எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம். குற்றம் அலுவலகத்துடையது இல்லை, என்னுடையது.

இடம் எது என்று குறிப்பு எழுதுவது என் வேலை. போன வருடத்துக் குறிப்பை எடுப்பேன். "முந்தைய ஆண்டுகளைப் போலவே இவ்வாண்டும் புதுச்சேரியில்" என்று எழுதி, தேதியை மட்டும் மாற்றி மேலே அனுப்புவேன். ஒப்பமாகித் திரும்பும். கணக்கும் என் பக்கம்தான். நல்ல மைதானம், தங்குமிடம், ஆஸ்பத்திரி எல்லாம் புதுச்சேரியில்தான். செலவும் அங்கேதான் குறைவு. மறுக்க ஒன்றும் இல்லை.

ஒரு வருடம் மாஹேயிலிருந்து வந்த உடற்கல்வி ஆசிரியர் பிரயாணப்படி பில்லைக் கொடுக்க என் மேசைக்கு வந்தார். ரயிலில் ஓர் இரவு முழுவதும் உட்கார்ந்தபடி வந்திருந்தார்கள். பில்லில் திருத்தம் எதுவும் இல்லை. கிளம்பும்போது மலையாளம் கலந்த தமிழில் சொன்னார்: "சார், ஒரு கொல்லமாவது மாஹேயில வைக்கப் பாருங்க. எங்க குட்டிகள் நல்லா ஆடும். ஆனா அதுங்க ஆடறதை அதோட அப்பனும் அம்மையும் ஒரு தடவகூடக் கண்டதில்லை."

"பார்க்கலாம் சார்" என்றேன். பார்க்கவில்லை. அடுத்த வருடமும் போன வருடக் குறிப்பை எடுத்தேன், தேதியை மாற்றினேன். எழுதியிருந்தால் மேலதிகாரி செலவைக் காட்டித் தள்ளியிருக்கலாம். தள்ளுவது அவர் பொறுப்பு. எழுதுவது என் பொறுப்பு. ஐந்து வருடத்துக்கு ஒருமுறையாவது முறை மாற்றிப் பார்க்கலாம் என்று இரண்டு வரி. அதை நான் எழுதவில்லை. அந்தப் பையன்களுக்கும் பள்ளிக்கூட வாழ்க்கை சில வருடம்தானே? அவர்களில் யாருக்கும் 'அடுத்த வருடம்' என்பது என் கோப்பில் இருந்த மாதிரி முடிவில்லாமல் இருக்கவில்லை.

என் பேத்தியின் ஊரில் இருக்கிற விதி எல்லோரையும் திருப்திப்படுத்தவில்லை. தரவரிசையில் மேலே இருந்தவர்களை அது பஸ் ஏற்றியது. முழங்கால் வலிக்காரி ஒருத்தியை வீட்டில் உட்கார வைத்தது. டெக்சாஸ்காரனுக்கு இன்னும் குறை இருக்கிறது. ஆனாலும் ஏன் தனக்குக் கிடைக்கவில்லை என்று கேட்கிறவருக்குக் காட்ட ஒரு பக்கம் இருக்கிறது. முன்பே அச்சான பக்கம். மாஹே ஆசிரியருக்குக் காட்ட என்னிடம் அப்படி ஒன்றும் இல்லை. போன வருடத்துக் குறிப்புதான் இருந்தது. வழக்கம் என்பதை விதி என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன்.

வீடு வந்து சேர்ந்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. என் மனைவி தூங்கவில்லை. மடிக்கணினி மேசைமேல் திறந்தே இருந்தது. முழு ஆட்டமும் பார்த்திருக்கிறாள்.

"ரெண்டையும் விட்டுட்டாளே" என்றேன்.

"பார்த்தேன். பந்து போடறதுக்கு முன்னால எப்பவும் முதல் வரிசையப் பார்ப்பா. இன்னைக்கும் பார்த்தா" என்றாள். பிறகு எழுந்து, தோசை ஊற்றட்டுமா என்று கேட்டாள்.